இரண்டாயிரத்து ஐந்நூறு லீற்றர்

கிறிம்ஸ்பியில் மழைக்கும் மீன் வாசம்.
திங்கட்கிழமை கடை பூட்டு.
பின்கதவில் பெவர்லி மூன்று கலன் வைத்திருப்பாள்.
வாரம் முழுக்க கொட் மீன் குளித்த எண்ணெய்,
சாயத்தண்ணி நிறத்தில்,
அடியில் கருகிய மாத்துணுக்கு.
"துலைஞ்சு போகட்டும், கொண்டு போ" என்பாள்.
அவள் சொன்ன சொல் வேறு.
தமிழில் சொன்னால் அப்படித்தான் வரும்.

கராஜில் ஒரு பழைய வெந்நீர்த் தாங்கி.
நளாயினி கழித்த காலுறையில் வடித்து,
சூடாக்கி, மெதனோலும் கொஸ்டிக் சோடாவும் கலந்து
இரவு முழுக்க விட்டால்
விடியும்போது இரண்டாகி நிற்கும்.
மேலே தேன்நிறத்தில் டீசல்,
கீழே கறுத்த கிளிசரின்,
காணி பிரித்த அண்ணன் தம்பி மாதிரி
ஒன்றையொன்று பாராமல்.

ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்,
வரிக்காரர் கேட்டால் காட்ட.
தேதி, லீற்றர், யாரிடம் எடுத்தது, எந்த வண்டிக்கு.
ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வரை
வரி இல்லை, பதிவு இல்லை.
அதற்குமேல் ஒரு போத்தல் வடித்தாலும்
நான் உற்பத்தியாளன்.
என் ஆண்டு நவம்பரில் தொடங்கும்.
ஓகஸ்ட் நடுவில் தாங்கியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
நல்ல பிள்ளையாகப் பம்புக்குப் போவேன்.

இந்தச் சலுகையை முதலில் வாசித்த இரவு
நான் நம்பவில்லை.
தொண்ணூற்று மூன்றில், யாழ்ப்பாணத்தில்,
ஒரு அரசு எரிபொருளை மறித்தது.
சிரிஞ்சில் பத்துச் சொட்டுப் பெற்றோல்
காபரேற்றருக்குள் அடித்து,
உதைத்து, இருமவிட்டு,
மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியவன் நான்.
பிடிபட்டால் என்ன நடக்கும் என்று
எல்லோருக்கும் தெரிந்திருந்த காலம்.
இங்கே ஒரு அரசு
அதே வேலையைச் செய், வரி வேண்டாம் என்கிறது.
நீலப் பேனையால் இரண்டு தரம் அடிக்கோடிட்டேன்.
பிறகும் கதவைச் சாத்திவிட்டுத்தான் காய்ச்சினேன்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வான் அது.
சிக்னலில் நின்றால்
பின்னால் வருகிறவர்களுக்குப் பசிக்கும்.
"இது பொரியலிலயா ஓடுது?" என்று கேட்டாள் மார்னி,
முன்பல் விழுந்தவள்.
ஓம் என்றேன்.
லூத் பக்க ஏற்றத்தில் மட்டும்
கொஞ்சம் வினிகர் கேட்கும்.

ஒரு மார்ச்சில் பின்கதவில் கலன்களைக் காணவில்லை.
பச்சைப் பெட்டி, அதில் என் கைமுட்டியளவு பூட்டு.
மூடியில் ஒரு கம்பனிப் பெயர், பக்கத்தில் ஒரு இலை.
பெவர்லி ஏப்ரனில் கையைத் துடைத்தாள்,
ஈரம் ஒன்றும் இல்லாத கையை.
முந்தி அகற்றக் காசு கேட்டவர்கள்
இப்போது லீற்றருக்கு இவ்வளவு என்று தருகிறார்களாம்.
கழிவிலிருந்து வரும் டீசலுக்கு
அரசு சான்றிதழ் கொடுக்குமாம்,
மற்றதற்கு ஒன்றென்றால் இதற்கு இரண்டு.
அந்தக் கடதாசியைப் பெரிய எண்ணெய்க் கம்பனிகள்
காசுக்கு வாங்குமாம்.
"கரன்ட் பில்லைப் பார்த்தாயா?" என்றாள்.
பார்த்தேன்.
பொரிக்கும் தொட்டிக்கு மேலே, சிவப்பு எழுத்தில்.

கோபம் வரவில்லை. கணக்குத்தான் வந்தது.
எனக்கு வரியை விட்டுத்தந்த அதே அரசுதான்
எண்ணெய்க்கும் விலை வைத்திருக்கிறது.
விலை வந்த பொருள்
பின்கதவில் நிற்காது.

கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்.
ஆயிரத்து நூற்றுப் பதினாறு.
மிச்சம் ஆயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு லீற்றர்
வரிவிலக்கு
கராஜில் என் பெயரில் கிடக்கிறது.
கெட்டுப்போகாது. மணக்காது.
குளிரில் உறையவும் மாட்டாது.

பம்பில் ஒரு சின்ன வட்டம் ஒட்டியிருந்தது.
நூற்றுக்கு ஏழு பங்கு வரை
தாவர வழி டீசல் கலந்ததாம்.
அந்த ஏழில் பெவர்லி எத்தனை துளி?
முழு வரியும் கட்டி அடித்தேன்.
குழாயைத் திருப்பி வைக்கும்போது
ஒருவரும் பார்க்கவில்லை என்று
மூக்கருகே கொண்டுபோனேன்.

அடுத்த நாள் காலை மார்னி ஏறினாள்,
பையைக் கழற்றவில்லை,
காற்றை இரண்டு தரம் இழுத்தாள்.
"வானுக்கு என்ன வருத்தம்?" என்றாள்.